தலைப்பக்கம் தாழ்ந்த கட்டில்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிகூட விழிப்பான். படுத்திருப்பவர்களுக்கு உள்ளே போவதையும் அவர்களிடமிருந்து வெளியே வருவதையும் நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. தட்டில் மிச்சம் விட்ட ரொட்டி, குடித்த தண்ணீர், பாட்டிலில் பிடித்த சிறுநீர் எல்லாம் அவளுடைய தராசில் ஏறித்தான் இறங்க வேண்டும். ஆளையும் அப்படித்தான் நிறுப்பாள். ஒருவனை ஒரு தடவை எடை போட்டுவிட்டால் பிறகு எவன் வந்து சொன்னாலும் மாற்றமாட்டாள்.

நான் அவளைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவேன். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு அங்கே ஒரு மேசையைச் சாய்க்கிற, நிமிர்த்துகிற வேலை. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு பொத்தானும் அதை அழுத்த ஒரு விரலும் போதும். இந்தக் கதையில் என் பங்கும் அந்தப் பொத்தான் அளவுதான். ஆனால் கோபத்தில் என் பங்கு குறைவில்லை. நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்களிடம் வருகிறவர்கள் நோயாளிகள் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்புக்காரர்கள். அவர்களை இரண்டு மாதம் கட்டிலில் போட்டு வைப்போம். கட்டிலின் தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் கால்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் இருக்கும். பார்த்தால் தெரியாத சரிவு, படுத்தால் தெரியும். குளிப்பது, தின்பது, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவது எல்லாம் படுத்தபடியே. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினால்கூட உத்தரத்தில் இருக்கும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

எதற்கு இந்தக் கூத்து என்று சேர்ந்த புதிதில் டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமைசாலி, நின்று விளக்கினார். நாம் நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்குமாம். இதயமும் ரத்தக்குழாய்களும் சேர்ந்து அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல. விண்வெளியில் எடை இல்லை. அங்கே மாடியும் கிடையாது, கீழ்த்தளமும் கிடையாது. காலில் இருந்த ரத்தமும் நீரும் மார்புக்கும் முகத்துக்கும் குடியேறிவிடும். முகம் உப்பும், மூக்கு அடைக்கும், கால் குச்சியாகும். மார்பு நிறைந்திருப்பதைப் பார்த்து உடம்பு தண்ணீர் கூடிவிட்டது என்று தப்புக்கணக்குப் போட்டு, அதைச் சிறுநீராக வெளியே தள்ளும். ரத்தத்தின் அளவே குறைந்துபோகும். வேலை குறைந்த இதயம் சுருங்கும். கால்களின் குழாய்கள் இறுக்கிப் பிடிக்கிற பழக்கத்தை மறக்கும்.

அங்கே மிதந்துகொண்டிருக்கிறவரை இதனால் பெரிய குறை ஒன்றும் தெரியாது, உடம்பு அந்த இடத்துக்குப் பழகிவிடும் என்றார். வம்பெல்லாம் திரும்பி வரும்போதுதான். தரையில் எழுந்து நின்றதும் இருக்கிற கொஞ்ச ரத்தமும் காலுக்கு ஓடிவிடும். மூளைக்குப் போய்ச் சேராது. கண் இருட்டி ஆள் சாய்வான். எல்லாரையும் மேலே அனுப்பிச் சோதிக்க முடியாது என்பதால்தான் இந்தக் கட்டில். தலைப்பக்கம் தாழ்ந்து படுத்தால் உடம்பு ஏமாந்து, தான் விண்வெளியில் இருப்பதாகவே நடந்துகொள்ளும்.

தராசக்கா பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ நோய்ல விழுந்து ரொம்ப நாளாப் படுத்தே கெடந்தவங்களுக்கும் இதேதானா டாக்டர்?"

இதேதான், வயதானவர்களுக்கு இன்னும் மோசம், அவர்களைத் திடுதிப்பென்று நிற்க வைக்கவே கூடாது என்றார் அவர். அக்கா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் அழுகை இல்லை. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னாள்.

அவளுடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்தவர். அப்பா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே அண்ணன், கல்யாணம் ஆனதும் நகரத்தின் மறுகோடிக்குக் குடிபோய்விட்டான். இவள் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் அம்மாவோடு இருந்தாள். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடுவது, துடைப்பது, கரண்டியால் ஊட்டுவது, இதுவே அவள் இளமை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அதைப் பற்றி அவள் புலம்பியதில்லை. "போனா போகட்டும், ரெண்டு பேர் மூஞ்சியும் சகிக்கல" என்பாள்.

அண்ணன் பூங்காவில் காலையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவன். மாஸ்டர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் பிள்ளை இல்லாத குறைக்கும் அவனிடம் ஒரே மருந்துதான் இருந்தது. எல்லாம் மனசுதான் என்பான். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவனை அடிக்க ஆள் இல்லை. எப்போதாவது அம்மாவைப் பார்க்க வந்தால் வாசற்படியைத் தாண்டமாட்டான். அங்கிருந்தபடியே, படுக்கப் போட்டு வைத்தே அம்மாவை நோயாளி ஆக்குகிறாய் என்று தங்கைக்குப் பாடம் நடத்திவிட்டுப் போவான்.

ஒரு மத்தியானம் அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் மனைவியோடு வந்தான். நடந்ததைப் பிறகு பார்த்தவர்கள் வாயிலிருந்து கேட்டுத்தான் அவள் தெரிந்துகொண்டாள். கைப்பேசியில் பெரியம்மா, சித்தப்பா, மாமாக்கள், அவர்கள் பிள்ளைகள் என்று சொந்தம் மொத்தத்தையும் வீடியோவில் வரவழைத்து, அம்மாவை நான் எப்படி நிற்க வைக்கிறேன் பாருங்கள் என்றான். வருஷக்கணக்கில் படுத்தே கிடந்த மனுஷியை அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினான். கைப்பேசிக்குள் கைதட்டினார்கள். அம்மா தலை சுற்றுகிறது என்றார். எல்லாம் மனசுதாம்மா, நில்லுங்க என்றான். அம்மாவின் கழுத்து சாய்ந்தது. முயற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தான். அண்ணி கன்னத்தைத் தட்டி, கண்ணைத் திறங்க அத்தை, எல்லாரும் பார்க்கிறாங்க என்றாள்.

மருந்துப் பையோடு அக்கா படியேறி வந்தபோது அம்மா கொடியில் போட்ட துணியாக அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அக்கா பிடுங்கிக் கட்டிலில் கிடத்தினாள். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த வாரத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட அவள் மனம் ஆறியிருக்குமோ என்னவோ. பிணம் இன்னும் வீட்டில் கிடக்கும்போதே அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான், "படுக்கப் போட்டே கொன்னுட்டா. நான் வந்து ஒரு நாள் நிக்க வச்சேன். அதுக்கு முன்னாலயே உடம்ப அப்படிக் கெடுத்து வச்சிருக்கா." சொந்தம் நம்பியது. அன்போடு தூக்கி நிறுத்திய மகனை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள் ஆயிற்றே. தூக்கத்தைத் தொலைத்துப் பீமூத்திரம் அள்ளிய மகளை எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒருவரும் அவளோடு பேசவில்லை. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவளுக்கே அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. நான்தான் படுக்க வைத்துக் கொன்றேனோ என்று வருஷக்கணக்கில் தன்னையே தின்றுகொண்டிருந்தாள். படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது தவிர வேறு வேலை மறந்தே போனதால்தான் இங்கேயும் வந்தாள்.

டாக்டர் சொன்ன அந்த நாலு வார்த்தையில் சந்தேகம் செத்தது. அது இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அழுமூஞ்சி அக்காவைவிடக் கோபக்கார அக்கா எவ்வளவோ மேல்.

அடுத்த சுற்றுக்கு ஆள் எடுக்கும்போது, விண்வெளி ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான ஆண்கள் தேவை என்று விளம்பரம் அச்சடித்து வந்தது. அதில் ஒன்றை அக்கா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூங்கா வாசல் பலகையில், ஒரு ஆணின் கண் உயரத்துக்கு அளந்து ஒட்டினாள். பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூட நின்றது நான்தான். "விண்வெளிங்கிற வார்த்தையப் பாத்தா அவன் கால் தரையில நிக்காது, பாரு" என்றாள். வாரம் திரும்புவதற்குள் மாஸ்டர் எங்கள் வரவேற்பறையில் மார்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவச் சோதனை அத்தனையிலும் தேறினான். உடம்பில் ஒரு குறை சொல்ல முடியாது, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

படுக்கிற அன்று, தராசைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. ஊழியர்களின் உறவுக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. நான் அங்கே சரிவை அளந்துகொண்டிருந்தேன். எனக்குக் காது இல்லை என்று நினைத்தானோ என்னவோ, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"நீ என் தங்கச்சின்னு யாருகிட்டயும் சொல்லிடாத. என்னைத் தூக்கிருவாங்க. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அக்கா தராசின் முள்ளைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு அண்ணன் யாரும் இல்லையே சார்."

அதோடு சரி. மற்றவர்களைப்போல அவனும் அவளைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை அவன் தொண்டையில் முள்ளாகச் சிக்கி வெளியே வருவதை நான் ரசித்துப் பார்த்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். முதல் வாரமே மாஸ்டருக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. முகம் உப்பிக் கண் இடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கடைத்து, எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். முதுகு பிளக்கிறது என்றான். தண்ணீர் தாகமே இல்லை, ஆனால் பாட்டிலுக்கு மேல் பாட்டிலாக நிரம்பிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் தூக்கித் தராசில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, எல்லாம் மனசுதான் என்றாரே, அது இந்த வழியாகத்தான் போகிறது என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் நடைபாதைக்கு ஓடிவிட்டேன்.

நாள் போகப் போக அவன் பெருமைப்பட்ட தொடைகள் வற்றின. காலுறை தொளதொளவென்று நின்றது. ஒரு நாள் முழங்கையை ஊன்றி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க முயன்றான். அக்கா வாசலிலிருந்தே, தலையை இறக்குங்கள் சார் என்றாள். ஒரு நிமிஷம்தானே என்றான். சும்மா படுத்திருப்பதில் என்ன கஷ்டம் சார் என்று கேட்டாள். அது அவன் எப்போதோ அம்மாவின் கட்டிலைப் பார்த்து அவளிடம் கேட்ட கேள்வி. அவனுக்கு நினைவு இருந்ததோ இல்லையோ, தலையை இறக்கிக்கொண்டான்.

நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அம்மா அத்தனை வருஷம் இப்படித்தானே கிடந்தார் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வருமா என்று பார்த்தேன். வந்திருந்தால் அக்காவின் மனம் இளகியிருக்கும் என்று நினைக்கிறேன். வரவில்லை. தன் முதுகு, தன் மூக்கு, தன் நாக்கு, இதற்கு மேல் அவனுக்கு உலகம் இல்லை. கொஞ்சம் பழகியதும் படுத்தபடியே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே சொந்தக்காரக் கூட்டத்துக்கு உபதேசத்தை ஆரம்பித்துவிட்டான். உடம்பு படுத்திருக்கிறது, ஆனால் மனம் நிமிர்ந்து நிற்கிறது என்றெல்லாம் பேசினான். அந்தப் பக்கம் பெரியம்மா உருகினார். சித்தப்பா இவனைப் பெற்ற வயிறு குளிர்ந்திருக்கும் என்றார். அக்கா அறையின் மறுமூலையில் மிச்ச ரொட்டியை நிறுத்துக்கொண்டு அதைக் கேட்டாள். பெற்ற வயிறு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த தட்டு தராசில் மோதிச் சத்தம் போட்டது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அக்காவுக்குப் பூமி வேண்டாம். அவன் ஒரே ஒரு தடவை, அதே கூட்டத்தின் கண் முன்னால், துணியாகத் தொங்க வேண்டும். அதற்கான நாள் எங்கள் கையில்தான் இருந்தது.

இரண்டு மாதம் முடிந்ததும் ஒருவனை அப்படியே எழுப்பி விட்டுவிட மாட்டோம். கட்டிலிலிருந்து என் மேசைக்கு உருட்டி, கைகளையும் சேர்த்து மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை போட்டுக் கட்டுவோம். நான் பொத்தானை அழுத்தினால் மேசை ஆளோடு நிமிர்ந்து நிற்கும். உடம்பு நிற்பதை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அவன் காலை அசைக்கக் கூடாது, அசைத்தால் கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே பிழிந்துவிடும். கையில் ஒரு மணி இருக்கும், முடியவில்லை என்றால் அழுத்தலாம். டாக்டர் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண் விழுவதற்கு முன்னால் முகம் சொல்லிவிடும் என்பதால், முகத்தைப் பார்க்க ஒருவர் நேர் எதிரே நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த ஆள் இறக்கு என்று சொன்னால் நான் வேறு யாரையும் கேட்காமல் அழுத்துவேன். மேசை சாயும். சாய்ந்த நாலைந்து மூச்சுக்குள் முகத்தில் ரத்தம் திரும்பிவிடும். எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன்.

முகத்தைப் பார்க்கிற வேலை தராசக்காவுடையது.

முந்தின நாள் துணி மாற்றும் அறையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நான் இறக்குன்னு சொல்றவரைக்கும் நீ பொத்தான் மேல விரல வைக்காத. அவன் தலை சுத்துதுன்னு சொல்லணும். சொன்னதும், எல்லாம் மனசுதான் சார்னு நான் சொல்லணும். அதுக்கப்புறம்தான்."

டாக்டர் திரையில் பார்த்துவிடுவாரே என்றேன். அவர் பார்த்துச் சொல்வதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும், அது போதும் என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்பது இருவருக்கும் தெரியும். சுருங்கிய இதயம், குறைந்த ரத்தம், கட்டிப்போட்டு நிற்கிற உடம்பு. அவளுக்கு வேலை போகலாம், சிறைக்குக்கூடப் போகலாம். வேண்டாம் அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். எனக்கும் அவன் தொங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

சோதனை நாள் காலையில் மாஸ்டர் டாக்டரிடம் அனுமதி கேட்டு வைத்திருந்தான். விண்வெளி வீரனாகத் தான் எழுந்து நிற்பதை அண்ணி வீடியோவில் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவாளாம். நிலையத்துக்கும் நல்ல பெயர் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார். அண்ணி மேசையின் கால்பக்கத்தில் கைப்பேசியோடு வந்து நின்றாள். அக்கா முகக்கவசம் போட்டிருந்தாள், ஆனால் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தவளுக்குக் கண்ணைப் பார்த்தால் தெரியாதா? அண்ணி கைப்பேசியை ஒரு கணம் தாழ்த்தினாள். பிறகு தெரியாததுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டாள். சின்னச் சின்னக் கட்டங்களில் பெரியம்மாவும் சித்தப்பாவும் மாமாக்களும் தெரிந்தார்கள். அன்று இருந்த அதே ஆட்கள்.

மேசையை நிமிர்த்தினேன். மாஸ்டர் எழுந்து நின்றான். கைப்பேசிக்குள் கைதட்டல் கேட்டது. அவன் கட்டைவிரலை உயர்த்தினான். கையை அசைக்காதீர்கள் சார் என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. உப்பியிருந்த முகம் வடிந்து பழைய சாயல் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மூக்கு. பிறகு ஒரு கொட்டாவி விட்டான். பாதங்கள் கறுத்துச் சிவந்தன. மேலுதட்டில் வேர்வை பூத்தது. காதுமடல் வெளுத்தது. இன்னொரு கொட்டாவி. இந்த இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அக்கா இறக்கு என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இறங்குகிறது, முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் டாக்டர் என்றாள்.

மாஸ்டர் மணியை அழுத்தவில்லை. சொந்தம் முழுக்கப் பார்க்கும்போது எப்படி அழுத்துவான்? சிரிப்பு மட்டும் முகத்தில் மிச்சம் இருந்தது, அதுவும் ஒரு பக்கம் நழுவியது. முழங்கால் பட்டையில் மோதியது. மணி கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவளைப் பார்த்தான்.

"தலை சுத்துது" என்றான்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கவசத்துக்குள் வாய் திறப்பது தெரிந்தது. எல்லாம் மனசுதான் என்று வரப்போகிறது என்று விரலைப் பொத்தானிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன்.

"இறக்கு" என்றாள்.

எனக்குப் புரியவே இல்லை. "இறக்குடீ" என்று கத்தினாள். விரல் தானாகப் போய் அழுத்தியது. மேசை சாய்ந்தது. ஏன் அக்கா அப்படிச் செய்தாய் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்பதுதான் ஒரே பதில். ஒரு தடவை தாமதமாக ஓடி வந்த கால், இன்னொரு தடவை வேண்டுமென்று தாமதிக்கத் தயாராக இல்லை போலிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்த பழி கைக்கு வந்து நழுவிவிட்டதே என்று அவளை முறைத்தேன்.

சாய்ந்து கிடந்தவனின் முகத்தில் எல்லாரும் பார்க்கும்படி நிறம் திரும்பியது. முதலில் உதடு, பிறகு கன்னம், பிறகு காது. டாக்டர் திரையைப் பார்த்து, வந்துவிட்டது என்றார். மருந்தில்லை, ஊசியில்லை. பட்டையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அவன் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தான். மூச்சை இழுத்து விட்டான். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். எதையோ யோசிப்பது தெரிந்தது. யோசித்து முடித்த இடத்தில் அவன் முகம் மறுபடி வெளுத்தது. இந்தத் தடவை ரத்தம் காலுக்கு இறங்கியதால் இல்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டான். "படுக்க வச்சாப் போதுமா?"

அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள். குனிந்து, அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இவ்வளவுதாண்ணா" என்றாள்.

டாக்டர் நாற்காலியோடு திரும்பினார். அண்ணியின் கையில் கைப்பேசி அப்படியே இருந்தது, அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. கட்டங்களில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டருக்குக் கண்ணீர் வந்தது. படுத்திருப்பவனுக்குக் கண்ணீர் கன்னத்தில் வழியாது, இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கும். கைகள் பட்டைக்குள் சிக்கியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியாமல் தவித்தான்.

படுத்திருப்பவர்களின் முகத்தைத் துடைப்பதும் அவள் வேலைதான். அன்று அக்கா துடைக்கவில்லை.